ஹங்கேரியில் கோசெக் என்று ஒரு சின்ன ஊர்: போய் வந்த அனுபவம், நீங்களும் போயிருந்தால் எழுதுங்கள்

போன செப்டம்பரில் வேலை விஷயமாக வியன்னா போயிருந்தேன். வேலை முடிந்ததும் மூன்று நாள் கையில் மிச்சம் இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் புடாபெஸ்ட் போ, பிராக் போ என்றார்கள். நான் கோசெக் போனேன். 1532-ல் வியன்னாவைப் பிடிக்கக் கிளம்பிய துருக்கிய (ஒட்டோமான்) சுல்தான் சுலைமானின் பெரும்படையை வழியில் ஒரு சிற்றூர் மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது என்று எப்போதோ படித்திருந்தேன். அந்த ஊர் ரயிலில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு எங்கும் போக மனம் வரவில்லை.

வழி எளிது. வியன்னாவிலிருந்து ஷோப்ரோன், அங்கிருந்து சொம்பட்ஹெய், அங்கே மாறி சின்ன ரயிலில் 18 கிலோமீட்டர். தண்டவாளம் கோசெக்கோடு முடிந்துவிடுகிறது. புடாபெஸ்டிலிருந்து வருகிறவர்களும் சொம்பட்ஹெய் வந்துதான் மாற வேண்டும், அதற்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊர்ப் பெயரை நாம் எழுதுகிற மாதிரி சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. ‘கோ’ சொல்ல உதட்டைக் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கால் ‘கே’ சொல்ல வேண்டும். டிக்கெட் பரிசோதகர் பொறுமையாக மூன்று தடவை சொல்லிக் காட்டினார்.

நிலையத்திலிருந்து ஊருக்குள் இருபது நிமிஷ நடை. ஹீரோக்கள் கோபுரம் என்ற வாசலுக்குள் நுழைந்தால் யூரிஷிச் சதுக்கம். கோபுரத்தைப் பார்த்தால் ஐந்நூறு வருஷப் பழசு போல இருக்கும், ஆனால் முற்றுகையின் 400-ஆம் ஆண்டு நினைவாக 1932-ல் கட்டியது. சதுக்கத்துக்குள் வந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. இந்தப் பக்கம் சுவரில் சின்னங்கள் தீட்டிய நகர மன்றம், அந்தப் பக்கம் தங்க ஒற்றைக்கொம்பன் என்று பெயர் வைத்த பழைய மருந்துக்கடை (இப்போது அருங்காட்சியகம்), நடுவில் தோளோடு தோள் உரசி நிற்கிற இரண்டு தேவாலயங்கள். மூத்தது புனித யாக்கோபு ஆலயம், 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. 17-ஆம் நூற்றாண்டில் பழையதை ஜெர்மன் பேசுகிறவர்கள் வைத்துக்கொள்ள, ஹங்கேரிய மொழி பேசுகிறவர்கள் தங்களுக்கென்று பக்கத்திலேயே புனித இம்ரே ஆலயத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே மணி அடிக்க ஆரம்பித்தது. கைப்பேசியைப் பார்த்தேன், காலை 11. ஐரோப்பாவில் நடுப்பகல் 12-க்கு அடிப்பதுதானே வழக்கம், இது என்ன என்று பார்த்தால், எதிரே கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் விழிப்பதைக் கண்டு, பாதி ஜெர்மனும் பாதி ஆங்கிலமுமாக, “துருக்கியர் போய்விட்டார்கள்” என்றார். ஏதோ இன்று காலையில்தான் போனது மாதிரி! 1532 ஆகஸ்ட் 30-ஆம் தேதி காலை 11 மணிக்குக் கடைசிப் படைவீரன் ஊரை விட்டு நகர்ந்தான் என்பது ஊர் வழக்கு. அதனால் இங்கே தினமும் 11-க்கு மணி.

அவர் என்னை விடவில்லை. துணியும் வாளியும் அப்படியே கிடக்க, கோட்டை வாசல் வரைக்கும் கூட்டிப்போய்க் கதையைச் சொன்னார். கோட்டைத் தலைவர் யூரிஷிச் மிக்லோஷ், கடற்கரை ஊரான செஞ்சில் பிறந்த குரோவேஷியர். (அங்கே குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால்.) உள்ளே இருந்தது 700, 800 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடிவந்து புகுந்த குடியானவர்கள், முறையான வீரர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. வெளியே இருந்ததோ லட்சத்தைத் தாண்டிய படை என்கிறார்கள். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்தார்கள், இடித்துக்கொண்டு ஏறினார்கள், மறுபடி மறுபடி திருப்பி அடிக்கப்பட்டார்கள். கடைசியில் ஒரு சமரசம்: கோட்டையில் சுல்தானின் கொடி ஏறும், படை உள்ளே வராமல் விலகும். கொடி ஏறியது, படை விலகியது, அந்த வருஷம் வியன்னா தப்பித்தது. “கொடிதானே, துணிதானே” என்று தோளில் கிடந்த துணியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

புனித யாக்கோபு ஆலயத்துக்குள் யூரிஷிச்சின் இரண்டு குழந்தைகளுக்குக் கல்லறைக் கல் இருக்கிறது. அதைத் தவற விடாதீர்கள். வெளியே சிலையும் சதுக்கமும் கோட்டையும் அவர் பெயரில் நிற்கின்றன, உள்ளே அவர் வெறும் தகப்பன்.

தகப்பன் என்றதும் இன்னொன்று. தெருவில் ஒரு குட்டிப் பையன் ‘அபா!’ என்று கத்தினான், நான் சட்டென்று திரும்பிவிட்டேன். ஹங்கேரிய மொழியிலும் அப்பாவுக்கு ‘அபா’தான். நான் தங்கின வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு சந்தோஷம்! உடனே அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மேசையைத் தட்டி, கூரையைக் காட்டி, ஹாஸ் என்றால் வீடு, ஹாஸ்பன் என்றால் வீட்டில், ஹாஸம் என்றால் என் வீடு, ஹாஸம்பன் என்றால் என் வீட்டில் என்று விரல் விட்டுச் சொன்னார். நான் பதிலுக்கு வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று அடுக்கினேன். பின்னால் ஒட்டிக்கொண்டே போகிற பழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு என்பது மொழியியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், இரண்டும் ஒரே குடும்பமும் இல்லை. ஆனால் ஒரு சமையலறை மேசையில் அது நடக்கும்போது இருக்கிற ருசியே தனி.

ஒரு எச்சரிக்கை. திங்கள்கிழமை போய் நிற்காதீர்கள். அருங்காட்சியகம் எல்லாம் பூட்டிக் கிடக்கும், நான் அப்படித்தான் மாட்டினேன், கோட்டைக்குள் போக அடுத்த நாள் வரை காத்திருந்தேன். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான், அந்தக் காத்திருப்பில்தான் தெருக்களை முழுசாக நடந்தேன். ஒரு தெருவில் வீடுகள் ரம்பப்பல் மாதிரி ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். எதிரி தெருவுக்குள் வந்தால் மூலையில் மறைந்து நின்று தாக்குவதற்காக அப்படி என்கிறார்கள்.

மறுநாள் மலைக்கும் போனேன். அதை அப்புறம் எழுதுகிறேன், கை வலிக்கிறது. அதற்குள் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

* * *

நான் போயிருக்கிறேன்! இந்த ஊர்ப் பெயரைத் தமிழில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

நான் அங்கே போனது ஏப்ரல் 24, புனித ஜார்ஜ் நாள். கோசெக்கில் ஒரு புத்தகம் இருக்கிறது, திராட்சைத் துளிர்ப் புத்தகம் என்று சொல்லலாம். 1740-லிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் ஊர்த் தோட்டங்களிலிருந்து திராட்சைத் துளிர்களை வெட்டிக்கொண்டு வந்து, இருக்கிறபடியே அந்தப் புத்தகத்தில் வரைந்து வைக்கிறார்கள். குளிர் விலகாத வருஷத்தில் வெறும் மொட்டு, வெயில் சீக்கிரம் வந்த வருஷத்தில் கை நீளத்துக்கு இலையும் பூங்கொத்துமாக. பக்கத்திலேயே அந்த வருஷத்து வானிலை, விளைச்சல் பற்றிக் குறிப்பு. பழைய வசந்த காலங்கள் எவ்வளவு சூடாக இருந்தன என்று கணக்கிட ஆராய்ச்சியாளர்கள் இந்தப் படங்களை அளந்து பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் ஒருவர், நகத்தில் இன்னும் மண், ஒரு துளிரை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நீளம்தான். தொட்டால் பூனைக்காது மாதிரி மெல்லிய ரோமம். ஓரத்தில் ஒரு சிவப்பு. அது கேக்ஃப்ராங்கோஷ் என்றார், அந்தப் பக்கத்துச் சிவப்பு வைனுக்கான திராட்சை. “பனி விழாமல் இருந்தால் இது பிழைக்கும்” என்று சொன்னதை அவருடைய பேத்திதான் எனக்கு மொழிபெயர்த்தாள். போரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, முழுக்க முழுக்க மே மாதப் பனியைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த தடவை யாராவது போனால் தேதியைப் பார்த்துப் போங்கள்.

* * *

மேலே இருவரும் எழுதாத ஓர் இடம்: யூத வழிபாட்டுக் கூடம். 1859-ல் கட்டிய வட்ட வடிவச் செங்கல் கட்டடம், முன்னால் இரண்டு கோபுரம். நான் முதல் தடவை போனபோது வேலி போட்டுப் பூட்டிக் கிடந்தது, சுவரிடுக்கில் செடி முளைத்திருந்தது. 1944-ல் இந்த ஊர் யூதர்களை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தொழுவதற்கு ஆள் இல்லாமல் கட்டடம் பல பத்தாண்டுகள் சிதைந்தது. சில வருஷம் கழித்துப் போனால் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். உள்ளே விதானத்தில் நீலமும் பொன்னுமாக வண்ணம் மறுபடி வந்திருக்கிறது. நான் அரை மணி உட்கார்ந்திருந்தேன். கூட வந்த நண்பர் சதுக்கம், காபி, படம் என்று அவசரப்பட்டார், நான் எழுந்திருக்கவில்லை. முற்றுகைக் கதையை எல்லோரும் நம்மைத் தேடி வந்து சொல்கிறார்கள். இதை நாமாகத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

* * *

இரண்டு பேருக்கும் நன்றி. திராட்சைப் புத்தகம் பற்றிக் கேள்விப்பட்டேனே தவிர ஏப்ரலில் போகிற யோசனை இல்லை, இப்போது வந்துவிட்டது. வழிபாட்டுக் கூடத்துக்கு நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

சரி, மலைக்கதை. ஊருக்கு மேற்கே இருக்கிற கோசெக் மலையின் உச்சி 884 மீட்டர், மேற்கு ஹங்கேரியிலேயே உயரம் அதுதான். பெயர் ஈரோட்கோ! வீட்டு அம்மா முதல் தடவை சொன்னபோது நம்ம ஈரோட்டைச் சொல்கிறாரோ என்று காது நிமிர்ந்துவிட்டது. ஈரோட் என்றால் எழுதப்பட்ட, கோ என்றால் கல். எழுத்துக்கல். கோசெக் என்ற பெயரிலும் அதே கல்தான் இருக்கிறது.

நடக்க நாலு மணி நேரம். ஓக், பீச் மரக்காடு, சரியான பாதை, மரத்துக்கு மரம் வெள்ளைப் பட்டைக்கு நடுவில் நீலக் கோடு போட்டிருப்பார்கள். நாட்டைக் குறுக்கே கடக்கிற 1,100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய நீலப் பாதை இந்த உச்சியில்தான் ஆரம்பிக்கிறது. வழியில் ஏழு ஊற்று என்ற இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், ஏழு குழாய்க்கும் மாஜார் (ஹங்கேரியர்) குலத் தலைவர்கள் ஏழு பேர் பெயர்.

அங்கேதான் வேறொரு அம்மாவைச் சந்தித்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, கையில் ஊன்றுகோல், முதுகில் சின்னப் பை, முத்திரை குத்துகிற நீலப் பாதைப் புத்தகம். கோசெக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் மெதுவாக வந்தது, ஆனால் அழகாக வந்தது. சேர்ந்தே ஏறினோம். இரும்புத் திரைக் காலத்தில், அதாவது கம்யூனிஸ்ட் ஆட்சி மேற்கு எல்லையை அடைத்து வைத்திருந்தபோது, ஊரே எல்லைப் பகுதிக்குள் இருந்ததாம், வெளியூர் அத்தை வீட்டுக்கு வர வேண்டுமானாலும் அனுமதிச் சீட்டு வேண்டுமாம். “எங்கள் சமையலறை ஜன்னலில் இந்த மலை தெரியும். அம்மா பாத்திரம் கழுவும்போது பார்ப்பாள். நான் வீட்டுப் பாடம் எழுதும்போது பார்ப்பேன். ஏறினதில்லை.” 1989-ல் வேலியைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு முதல் தடவை ஏறினபோது அவர் பிள்ளை பெற்றவர். அவருடைய அம்மா ஏறவே இல்லை, அதற்குள் முழங்கால் போய்விட்டது.

உச்சியில் கல்லால் கட்டிய பார்வைக் கோபுரம், 1913-ல் எழுப்பியது. எல்லைக்கோடு கோபுரத்தின் நடுவிலேயே போகிறது. பக்கத்தில் எல்லைக் கல், ஒரு முகம் ஹங்கேரிக்கு, மறு முகம் ஆஸ்திரியாவுக்கு. காவலும் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை, 2007 டிசம்பரில் ஹங்கேரி ஷெங்கனில் (எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டில்) சேர்ந்ததோடு எல்லாம் போய்விட்டது.

ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து இரண்டு குழந்தைகள் ஓடிவந்து அந்தக் கல்லில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றன. அந்த அம்மா கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பையிலிருந்து வீட்டில் சுட்ட பாப்பி விதை ரொட்டியை எடுத்து நாலாகப் பிட்டு, எனக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கீழே கோசெக்கின் கோபுரங்கள் தெரிந்தன. அவர் வீடு எது என்று கேட்டேன். கோலை நீட்டி, சிவப்புக் கூரைகளுக்கு நடுவில் ஒன்றைக் காட்டினார். எனக்கு எது என்று தெரியவில்லை. “அந்த ஜன்னல்” என்றார்.