பழைய காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற யாரைத் தேர்ந்தெடுத்தோம்: அனுபவப் பகிர்வு

பதிவு 1

17 ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை அதன் முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். என்ஜினின் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடுவதைக் காக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியாகிவிட்டது என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் அதற்கு ரசீது இல்லை. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி என்ஜின் அறையில் ஒட்டும் சீட்டும் இல்லை. சான்று இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட்டாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ரப்பருக்குள் இழுவிசையைத் தாங்கும் கண்ணாடியிழை நாண்கள் நலிந்திருப்பது வெளியே தெரியாது. உறையைக் கழற்றிப் பார்க்கும்போது ஒரு வெடிப்பும் இல்லாத பெல்ட்டும் தன் ஆயுளைக் கடந்ததாக இருக்கலாம். குறைவாக ஓடிய கார் என்பதும் ஆறுதல் ஆகாது, ஏனெனில் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் வரம்பு இருப்பதுபோல் ஆண்டு வரம்பும் உண்டு.

என் காரின் என்ஜின், பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கைக் காப்பது அந்த ஒரே பெல்ட்தான். அது அறுந்ததும் கேம் நின்றுவிடும்; கிராங்க் மட்டும் ஓடிய வேகத்தில் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும்; திறந்தபடி நின்றுபோன வால்வுகளை மேலேறி வரும் பிஸ்டன்கள் வளைத்துவிடும். ஆகவே மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. யாரிடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களும் காரை வெளியே எடுக்கவில்லை.

முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குச் சென்றேன். சேசிஸ் எண்ணைக் கொடுத்ததும் சரியான பெல்ட்டின் பாக எண்ணை ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். அது பெரிய உதவி. ஆனால் பட்டறைக்குள் இந்த வேலையை யார் செய்வார், அவர் இந்த என்ஜினைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று கேட்டபோது, வரவேற்பில் இருந்தவரால் பதில் சொல்ல இயலவில்லை. அங்கு வரும் புதிய கார்களில் பெரும்பாலானவற்றில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலியே இருக்கிறது என்றும், பெல்ட் வேலை எப்போதாவதுதான் வருகிறது என்றும் அவரே மறைக்காமல் சொன்னார். மேலும் அவர்கள் தந்த மதிப்பீட்டில் பெல்ட் மட்டுமே இருந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பழுது தெரிந்தால் மாற்றலாம் என்றார்கள். என் என்ஜினில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுழற்றுகிறது. புதிய பெல்ட்டைப் போட்ட பிறகு பழைய பம்பின் பேரிங் இறுகினாலோ கூலன்ட் கசிந்தாலோ அந்தப் புதிய பெல்ட்டும் வீணாகும், அதே கூலியை மீண்டும் ஒருமுறை கொடுக்கவும் வேண்டும். இதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்ததே எனக்குத் தயக்கத்தைத் தந்தது.

அடுத்து, எனக்குப் பல ஆண்டுகளாக ஆயிலும் பிரேக்கும் பார்த்துத் தரும் மெக்கானிக்கிடம் கேட்டேன். அவருடைய நேர்மையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, இன்றும் உண்டு. பழைய பெல்ட்டிலும் பற்சக்கரங்களிலும் பெயின்ட்டால் குறி வைத்து, அந்தக் குறிகளைப் புதிய பெல்ட்டுக்கு மாற்றிக்கொண்டு பொருத்திவிடலாம் என்றார். பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தள்ளி நின்றிருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே மாறிவிடாதா என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்தார். பிறகு கையேட்டில் இருந்த படத்தைக் காட்டினேன்: என் என்ஜினில் கிராங்க் பற்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு நகராமல் பிணைக்கும் சாவி (கீ) என்ற உலோகத் துண்டு கிடையாது. நடுவிலுள்ள போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதை நிலைநிறுத்துகிறது. ஆகவே போல்ட்டைத் தளர்த்தினால் குறியை நம்ப முடியாது. கிராங்கையும் கேமையும் அதற்குரிய லாக்கிங் டூல் கொண்டு பூட்டித்தான் வேலை செய்ய வேண்டும். படத்தைப் பார்த்தவர், "ஐயா, இந்த என்ஜினை நான் திறந்ததில்லை, என்னிடம் இந்த டூலும் இல்லை, இந்தக் கம்பெனி வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள்" என்றார். வந்த வேலையை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என் காரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அவர் சுட்டிய மனிதரின் பட்டறை சிறியது. நான் கேள்வி கேட்பதற்கு முன்பே அவர் கேட்டார்: கடைசியாக எப்போது மாற்றியது, கூலன்ட் குறைகிறதா, என்ஜினின் முன்பக்கம் ஆயில் ஈரம் தெரிகிறதா, ஓரிரவு காரை விட்டுச்செல்ல முடியுமா. இறுக்கத்தை என்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும் என்பதால் அந்தக் கடைசிக் கேள்வி. லாக்கிங் டூல் பெட்டியைத் திறந்து காட்டினார். அதன் பிடிகள் தேய்ந்திருந்ததைக் கண்டு எனக்கு மகிழ்ச்சியே ஏற்பட்டது. பெல்ட்டைப் பொருத்திய பின் ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன், ஸ்பானரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மீண்டும் பூட்டுகள் தடையின்றி உள்ளே செல்கின்றனவா என்று பார்ப்பேன் என்றார். சுற்றும்போது எங்காவது தட்டினால் கை அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஒன்றும் கெடாது. ஸ்டார்ட்டரால் சுற்றினால் அந்த வாய்ப்பு இல்லை.

அவரிடமே கொடுத்தேன். மறுநாள் பழைய பாகங்கள் அனைத்தையும் ஒரு பெட்டியில் வைத்துத் தந்தார். கிராங்க் ஆயில் சீல் கசிந்து பெல்ட்டின் ஓரம் ஆயிலில் ஊறியிருந்தது. டென்ஷனரின் பேரிங் விரலால் சுழற்றும்போதே கரகரத்தது. பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் இவ்விரண்டும் அப்படியே உள்ளே இருந்திருக்கும்.

பதிவு 2

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்க விரும்புகிறேன். என் காரில் இருந்தது மிட்சுபிஷி 4ஜி63 என்ஜின், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுகள் உள்ள வகை. அதில் பெல்ட்டுகள் இரண்டு: பெரியது கேமுக்கு, சிறியது ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு. சிறிய பெல்ட் அறுந்து பெரியதில் சிக்கினால் பெரியதும் போய்விடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நான் கொடுத்த மெக்கானிக் நூற்றுக்கணக்கான பெல்ட்டுகளை மாற்றியவர். ஆனால் இந்த என்ஜின் அவருக்குப் புதிது. எல்லாக் குறிகளும் நேராக நின்றன, கார் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. ஆயினும் முன்பு இல்லாத ஓர் அதிர்வு இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் வந்து குடியேறியது. என்ஜினைத் தாங்கும் மவுன்ட் என்றார், ஸ்பார்க் பிளக் என்றார், இரண்டையும் மாற்றியும் போகவில்லை. இறுதியில் வேறொருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஆயில் பம்ப்பின் பற்சக்கரக் குறி சரியாக நின்றாலும், அது சுழற்றும் மற்றொரு பேலன்ஸ் ஷாஃப்ட் அரைச் சுற்றுத் தவறி நிற்க முடியும். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள துளையின் மூடியைக் கழற்றி, 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால், ஷாஃப்ட் சரியாக இருந்தால் அது 60 மில்லிமீட்டர் வரை செல்லும். தவறி நின்றால் பாதியிலேயே முட்டிக்கொள்ளும். இந்த ஒரு சோதனை அந்த அனுபவசாலிக்குத் தெரிந்திருக்கவில்லை. எத்தனை ஆண்டு அனுபவம் என்று மட்டும் கேட்டேனே தவிர, இந்த என்ஜினில் எத்தனை முறை என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் உண்மையான பதிலைத் தந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

பதிவு 3

நான் என் காரின் பெல்ட்டை நானே மாற்றினேன். அந்த என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் சந்திப்பதில்லை, வண்டி நின்றுவிடும், அவ்வளவே. அதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் துணிந்தேன். பிழை செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்: கேம் ஒரு பல் தள்ளி நின்றதால் ஐட்லிங் குலுங்கியது, செக் என்ஜின் விளக்கு எரிந்தது, இழுவை இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும் கழற்றிச் சரிசெய்தேன். முதல் பதிவின் நண்பர் வைத்திருக்கும் வகை என்ஜினாக இருந்தால் நான் டூலைத் தொட்டிருக்க மாட்டேன். கிராங்க் புல்லி போல்ட்டைத் தளர்த்தவே எனக்கு ஒரு பகல் போனது என்பதையும், என்ஜின் மவுன்ட்டைக் கழற்றும்போது கீழே ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது என்பதையும் முயல்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

பதிவு 4

முதல் பதிவை எழுதியவன் நான். பாகங்களை நானே வாங்கிக் கொடுத்தேனா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நாம் வாங்கிக் கொடுத்த டென்ஷனர் பழுதானால், பாகம் தவறா வேலை தவறா என்ற வழக்கில் இருவரும் மாட்டிக்கொள்வோம். இரண்டுக்கும் ஒருவரே பொறுப்பேற்பதுதான் நல்லது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் அனைத்தும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக வந்தன. சீல் செய்த பெட்டியை என் கண்முன்னே பிரித்தார், நான் பாக எண்ணைச் சர்வீஸ் சென்டர் தந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டேன். கிராங்க் போல்ட்டை இந்த என்ஜினில் மறுமுறை பயன்படுத்தக் கூடாது என்பதால் புதியதே போடப்பட்டது. ரசீதில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக உள்ளது. தேதியும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டை, அவர் ஒட்டிய இடம் மேலுறைக்கு அடியில் மறைந்துவிடும் என்று தோன்றியதால், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி நானே எடுத்து ஒட்டிவைத்திருக்கிறேன்.