கிளவுட் சேம்பரில் தூறல்தான் தெரிகிறது, மியூவான் தடம் இல்லை. சார்பியலை எப்படிச் சொல்வது?

வெள்ளிவால்:
நூலகத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி. பெற்றோரும் பிள்ளைகளுமாக 40 பேர் வரலாம். ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்த கிளவுட் சேம்பரில், அதாவது துகள் போன வழியைத் துளிக்கோடாகக் காட்டும் பெட்டியில், மியூவான் (விண்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நுண்துகள்) தடத்தைக் காட்டி, அங்கிருந்து சிறப்புச் சார்பியலுக்கு (வேகமாக ஓடும் பொருளின் நேரம் நமக்கு மெதுவாகத் தெரியும் என்னும் ஐன்ஸ்டைன் கோட்பாடு) போவது திட்டம். 30×20 செ.மீ. மீன்தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே மேல்பக்கம் ஃபெல்ட் துணி, அடியில் கருப்பு அலுமினியத் தகடு. மருந்துக்கடையில் வாங்கிய 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அரை மணி நேரமாகியும் தூறல் மட்டுமே. எங்கே தவறு? கணக்கு போடாமல் சார்பியலை எப்படிச் சொல்வது?

பனித்தகடு:
முதலில் அந்த 70 சதவீதத்தை மாற்றுங்கள். மீதி தண்ணீர்தான், அது தகட்டில் உறைபனியாகப் படிந்து எல்லாவற்றையும் மறைக்கும். 99% வேண்டும். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ட்ரை ஐஸ் -78 டிகிரி. ஐசோபுரோப்பைல் உறைவது -89ல். அதனால்தான் இந்தத் திரவம்.

தடம் தெரிவது தகட்டுக்கு மேலே ஏறக்குறைய 1 செ.மீ. உயரத்துக்குத்தான். அங்கே ஆவி, துளியாக மாறக் காத்திருக்கும் நிலையில் நிற்கிறது. மின்னேற்றத் துகள் அந்த வழியே போனால் அயனிகள் உருவாகி, அவற்றின் மேல் துளிகள் கட்டும். காற்று கசிந்தால் அந்த அடுக்கு கலைந்துவிடும். மூடுபனி சுழன்று சுழன்று ஓடினால் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி விளிம்பைச் சுற்றிக் களிமண் பொம்மை மாவை அழுத்துங்கள். ஃபெல்ட் ஊறியிருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தொட்டியை மூடிய பிறகே அதை ட்ரை ஐஸின் மேல் வையுங்கள். திறந்த தகட்டைக் குளிர்வித்தால் அறையின் ஈரமெல்லாம் அதில் படிந்துவிடும். ஐஸைப் பொடித்துச் சமமாகப் பரப்பினால்தான் தகடு முழுதும் ஒட்டும். பிறகு 10–15 நிமிடம் கை வைக்காதீர்கள்.

டார்ச்சைத் தகட்டை ஒட்டிக் கிடையாக அடியுங்கள். பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம், சற்றுச் சாய்வாக நிற்கட்டும். துளிகள் ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். டார்ச் பக்கமே நின்றால் பாதிதான் தெரியும்.

நீள்கோடு:
தடம் கிடைத்ததும் எல்லாவற்றையும் மியூவான் என்று சொல்லிவிடாதீர்கள். குட்டையாக, தடிப்பாக வருவது ஆல்ஃபா துகள், பெரும்பாலும் காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு வழி. நெளிந்து வளைவது எலக்ட்ரான். நேராக, மெல்லியதாக, நீளமாக ஓடுவதை மட்டும் "மியூவானாக இருக்கலாம்" என்று சொல்லலாம். கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று, உங்கள் தகட்டில் நிமிடத்துக்கு 600. ஆனால் பெரும்பாலானவை மேலிருந்து செங்குத்தாக வருவதால் 1 செ.மீ. அடுக்கில் புள்ளிபோலத்தான் தெரியும். சாய்ந்து வருபவைதான் நீளக் கோடு.

அலைநாள்:
இரண்டாவது கேள்விக்கு: தடம் சார்பியலை நிரூபிக்காது. மியூவான் இங்கே வந்து சேர்கிறது என்பது வரைதான் பெட்டி காட்டும். மேற்கொண்டு மூன்றே எண்கள் போதும். பெரும்பாலானவை பிறப்பது சுமார் 15 கி.மீ. உயரத்தில், நின்ற நிலையில் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. அதற்குள் ஒளியே போகக்கூடியது 660 மீட்டர். கூட்டத்தைப் பார்த்து "அப்படியானால் இது எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். ஆயுள் நீளாவிட்டால் 700 கோடியில் ஒன்றுதான் தரைக்கு வரும்.

யாராவது "வேகம் அதிகம் என்பதால்தானே?" என்பார்கள். ஒளிவேகத்தையே கொடுத்தாலும் 660 மீட்டர்தான் என்று சொல்லிவிட்டு, 1963ல் ஃபிரிஷ்–ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் வெளியிட்ட அளவீட்டைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், சுமார் 1,900 மீட்டரில், மணிக்கு 563 மியூவான். ஆயுள் நீளாவிட்டால் கடல்மட்டத்தில் எதிர்பார்த்தது 27, எண்ணியது 408. என் பார்வையில் வாய்பாட்டைவிட இந்த இரண்டு எண்கள் வலுவானவை. "மியூவானுக்கு உள்ளே கடிகாரம் இருக்கிறதா?" என்ற கேள்வியும் வரும்: சிதைவதுதான் அதன் கடிகாரம்.

நம் ஊர் உதாரணமும் சொல்லலாம்: ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 விண்கதிர் ஆய்வகமும் மியூவானை எண்ணுகிறது.

வெள்ளிவால்:
99% வாங்கிவிடுகிறேன். ட்ரை ஐஸ் கிடைக்காவிட்டால் பெல்டியர் (மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) போதுமா?

பனித்தகடு:
முடியும், ஆனால் தகடு -25 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். ஒற்றைப் பெல்டியர் எட்டாது. இரண்டை அடுக்கி, சூடான பக்கத்தைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும். பார்க்கும் பரப்பு உள்ளங்கை அளவுதான், 40 பேருக்குப் போதாது. கேமரா வைத்துத் திரையில் காட்டுங்கள். ட்ரை ஐஸ் கிடைத்தால் 5 கிலோ, அன்று காலையே, காற்றுப் புகும் தெர்மோகோல் பெட்டியில். இறுக மூடிய பாத்திரம் வெடிக்கும். காரில் கொண்டுபோகும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், அரங்கிலும் அப்படியே. ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும், குத்துவிளக்கு வேண்டாம்.