கீமோ போட்ட ஒன்பதாம் நாள் காய்ச்சல் 101: விடியும்வரை பொறுக்கலாமா?

கல்லிடை மருமகள், இரவு 9.40

அத்தைக்கு 61 வயது, மார்பகப் புற்றுநோய். மதுரையில் இரண்டாவது கீமோ போட்டு இன்றோடு ஒன்பது நாள். விளக்கேற்றும்போதே குளிருகிறது என்றார்கள். இப்போது தெர்மாமீட்டரில் 101.2. இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, கீமோ மருந்து ஏற்ற நெஞ்சில் வைத்த போர்ட் பக்கமும் சிவப்போ வீக்கமோ இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டார்கள். “ராத்திரில எதுக்கு அலையணும், ஒரு டோலோ குடு, காலைல பாத்துக்கிடலாம்” என்கிறார்கள். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். மதுரைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. என்ன செய்ய?

பேட்டை அண்ணாச்சி, இரவு 9.47

பயப்படாதம்மா. ஊரெல்லாம் இப்போ காய்ச்சல்தான். டோலோ கொடுத்து, சுக்குக் காப்பி போட்டுக் கொடு. காலையில் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போயிரு.

பாளை சிஸ்டர், இரவு 9.51

அண்ணாச்சி, உங்களுக்கும் எனக்கும் வரும் காய்ச்சலுக்கு அது சரி. இது வேற.

தங்கச்சி, முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை தெருவில் யாரிடமாவது கார் இருந்தால் கிளம்புங்கள். மீதியை வண்டியில் வாசிக்கலாம்.

நான் கீமோ வார்டு நர்ஸ். பெரும்பாலான கீமோவில் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள்தான் வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும். அதில் கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில் என்ற வகை 500-க்குக் கீழே போனால், குடலிலும் தோலிலும் சும்மா கிடக்கிற கிருமிகூட ரத்தத்தில் ஏறிவிடும். போர்ட் பக்கம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சீழ் என்பதில் பெரும்பங்கு கிருமியோடு மோதிச் செத்த வெள்ளை அணுதான். அணுவே இல்லாத உடம்பில் சீழ் எங்கிருந்து வரும்? எக்ஸ்ரேகூட சுத்தமாக இருக்கலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம், டோலோ கொடுத்தால் அதுவும் மறைந்துவிடும். ராத்திரி இட்லி சாப்பிட்டவர் விடிவதற்குள் பிரஷர் இறங்கிக் கிடப்பதுண்டு.

மதுரை இப்போது வேண்டாம், தூரம். சேரன்மகாதேவி வழியாக பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். கிளம்பும்போதே மயக்கம், உளறல், மூச்சுத்திணறல் இருந்தால் ஆற்றுக்கு அக்கரையில் அம்பை அரசு ஆஸ்பத்திரிதான் முதலில்.

போனதும் ஓபி சீட்டு வரிசையில் நிற்காதீர்கள். பைலைக் கையில் பிடித்துக்கொண்டு எமர்ஜென்சியில், “கீமோ போட்டு ஒன்பது நாள், காய்ச்சல் 101, வெள்ளை அணு குறைந்திருக்கும்” என்று சத்தமாகவே சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்றால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். வந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். அதற்கு முன்னால் போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பார்கள். பிறகு பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபெபிம் மாதிரி ஏதாவது ஒன்று. வெள்ளை அணு கவுன்ட் ரிப்போர்ட் வரட்டும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், கேளுங்கள். ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டரோ மாத்திரையோ வைக்க வேண்டாம், அங்கே கீறல் விழுந்தால் அதுவே கிருமிக்கு வாசல்.

கல்லிடை மருமகள், மறுநாள் மதியம்

பக்கத்து வீட்டுத் தம்பி காரில் கூட்டி வந்தான். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன், உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஊசி ஏறின பிறகுதான் ரிப்போர்ட் வந்தது, நியூட்ரோபில் 200. காலையில் காப்பி கேட்டார்கள். காய்ச்சல் இன்னும் விட்டு விட்டு வருகிறது. அடுத்த கீமோவிலும் இப்படித்தான் ஆகுமா சிஸ்டர்?

பாளை சிஸ்டர்

காய்ச்சல் அடங்க சில நாள் ஆகலாம், கல்ச்சர் ரிப்போர்ட் பார்த்து மருந்தை மாற்றினாலும் பதற வேண்டாம். இந்த டிஸ்சார்ஜ் சம்மரியை மதுரை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். அடுத்த கீமோவுக்கு மறுநாளிலிருந்து வெள்ளை அணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசி போடலாமா, டோஸைக் குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்வார்.

பேட்டை அண்ணாச்சி

சிஸ்டர், என் மச்சினனுக்கும் கீமோ நடக்கு. எவ்வளவு காய்ச்சலுக்குக் கிளம்பணும்?

பாளை சிஸ்டர்

ஒரே தடவை 101 காட்டினாலும் போதும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் போதும், அண்ணாச்சி. ஸ்டீராய்டு எடுக்கிறவர், வயசானவர் என்றால் காய்ச்சலே ஏறாமல் போகலாம். நடுக்கமோ உளறலோ வந்தால் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் கூட்டி வந்துவிடுங்கள்.