அந்தர்யோகத்துக்கு அமுது சமைத்தவரின் முதலாண்டு: எப்படி நினைவுகூர்வது?

கேள்வி – குடமுருட்டிக்கரை

திருவையாற்றுக்கு அருகில் உள்ள எங்கள் தியான ஆசிரமத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தர்யோகம் நடைபெறுகிறது. 1942இல் திருப்பராய்த்துறையில் தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் ஊர் ஊராகச் சென்று நடத்திய முறையை ஒட்டியே தியானம், பாராயணம், சொற்பொழிவு, கேள்வி பதில் என்று நாள் கழியும். இடையில் உணவும் மௌனத்திலேயே. அந்த உணவுக்கு 31 ஆண்டுகள் பொறுப்பாக இருந்த பெரியவர் சென்ற ஐப்பசியில் காலமானார். சம்பளம் வாங்கியதில்லை, பேருந்துக் கட்டணம்கூடக் கேட்டதில்லை.

முதலாண்டுத் திதி நெருங்குகிறது. தியான மண்டபத்தில் குருநாதர் படத்திற்கு அருகில் அவர் படத்தையும் மாட்டிக் குருபூஜை செய்யலாம் என்று சிலரும், கருங்கல்லில் பெயர் பொறிக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். யாராவது படம் எடுக்க நெருங்கினாலே அடுப்படிக்குள் போய்விடுகிறவர் அவர். பத்துப் பேர் நடுவில் பாதி முகம் தெரியும் படம் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அவருக்கு ஒப்பாத ஒன்றை அவர் பெயரால் செய்துவிடக் கூடாதே என்ற தயக்கத்தில் கேட்கிறேன்.

மறுமொழி 1 – கும்பகோணத்துக்காரர்

குருபூஜை வேண்டாம் ஐயா. அது குருமார்களுக்கும் அடியார்களுக்கும் உரிய வழக்கம். மனைவி மக்களோடு இருந்தவருக்குத் திதி கொடுப்பது பிள்ளைகளின் உரிமை. முதலில் அவர்கள் வீட்டில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். காவிரிப் படித்துறையில் அவர்கள் திதி கொடுக்கும்போது ஆசிரமத்திலிருந்து நாலு பேர் போய் நின்றால் அந்தக் குடும்பத்துக்கு அதுவே பெரிய ஆறுதல். கல்வெட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நன்கொடையாளர் பெயர்களுக்கே சுவரில் இடம் போதவில்லை.

மறுமொழி 2 – திங்களூர் வழிப்போக்கன்

உங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. திங்களூர் அப்பூதியடிகள், திருநாவுக்கரசரை நேரில் காணும் முன்பே, தண்ணீர்ப் பந்தலுக்கு அவர் பெயரை வைத்தார் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கும், பசு எருமைகளுக்கும், வீட்டில் இருந்த அளவைகளுக்கும் நிறைகோலுக்கும்கூட அந்தப் பெயரையே இட்டார் என்று பெரியபுராணம் கூறுவதைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறோம். கல்லில் பொறித்தால் நின்று படித்தால்தான் உண்டு. படிக்குப் பெயரிட்டாலோ, அரிசி அளக்கும் ஒவ்வொரு முறையும் வாய் தானாகவே அந்தப் பெயரைச் சொல்லும். அவர் கையாண்ட பாத்திரம் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா?

மறுமொழி 3 – அடுப்படித் துணை

அவரிடம் ஒன்பது ஆண்டுகள் காய் நறுக்கியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். விளிம்பு நசுங்கிய பித்தளைப் படி ஒன்று உண்டு. நாங்கள் நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்று தராசைத் தேடுவோம். அவரோ வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டு வந்து அந்தப் படியால் அளப்பார். பாயசம் உள்ள நாளில் ஒரு படி குறையும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், அண்டா குண்டாவோடு அந்தப் படியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அங்கேயே ஆறு நாள் தங்கிச் சமைத்தார். திரும்பி வந்ததும் அவர் பேசியதெல்லாம் விறகு ஈரமாக இருந்ததைப் பற்றித்தான். படியின் விளிம்பு நசுங்கியது அந்தப் பயணத்தில்தான் என்பது என் எண்ணம்.

ஆசிரமத்தில் தேடினால் அவருடைய நாற்பது பக்க நோட்டும் கிடைக்கும். வருகிறவர்களின் பெயர்களை எழுதி, சிலருக்கு எதிரே ‘வெ’ என்று குறித்திருப்பார். வெல்லமா, வெங்காயமா என்று கேட்டபோதெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பிள்ளைகளிடம் பேசினேன், படித்துறைக்கு நாங்களும் போகிறோம். நோட்டு உக்கிராண அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது. படியும் அதன் மேலேயே இருந்தது. ‘வெ’ குறியிட்ட பெயர்களைப் பார்த்தேன். எல்லாரும் வயதானவர்கள், மூவர் ஆஸ்துமாக்காரர்கள். மௌன நாளில் வாய் திறந்து கேட்க முடியாது என்பதால், அவர்கள் இலைக்குப் பக்கத்தில் மட்டும் முன்கூட்டியே வெந்நீர் வைத்திருக்கிறார்.