முதல் மழைக்காலம்: மலைத்தோட்டத்துச் சின்ன வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கலாமா?

மலைச்சாரல் (பாலிக் புலாவ், பினாங்கு):
நாங்கள் நான்கு பேர். வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. போன ஜூலையில் ரேலாவ் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, இங்கே மலைப்பக்கம் ஒரு டுரியான் தோட்டத்தில் காவல்காரர் இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை, இருபதடிக்குப் பதினாறடி. மறைப்புக்கு நடுவில் ஒரு திரை. மாதம் 350 ரிங்கிட். முன்பு வீட்டுக்கு மட்டும் 1,100 போனது. அந்த மிச்சத்தில்தான் வீட்டுக்காரர் ஓவர்டைமை விட்டார். மகன் பிறந்ததிலிருந்து அப்பாவோடு இரவுச் சாப்பாடு சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம் என்று இருந்தது. இப்போது தினமும் சாப்பிடுகிறான்.

நம் ஊரில் பனிக்காலம் கிடையாது. மழைதான் நமக்குக் குளிர்காலம். செப்டம்பரில் பிடித்த மழை நவம்பர் வரை விடவில்லை. பள்ளிச் சப்பாத்துக்குள் பூஞ்சை பிடித்தது. சீருடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தேன். கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சோலார் பலகை இரண்டு இருக்கிறது. தொடர்ந்து நான்கு நாள் மேகம் மூடியபோது பேட்டரி இறங்கிவிட்டது, மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மகள் வினாடி எண்ணுவாள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று அவள் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஓடைக் குழாயில் அடிக்கடி இலை அடைத்தது, தண்ணீரும் செம்மண்ணாக வந்தது. அப்புறம் கூரைக்கு வாய்க்கால் போட்டுத் தோம்பில் பிடித்தோம். எங்கள் கூரை ஏறக்குறைய முப்பது சதுர மீட்டர். இருபது மில்லிமீட்டர் மழை பெய்தாலே 600 லிட்டர் வரும். குடிக்கக் கொதிக்க வைக்கிறோம்.

பிள்ளைகளை வதைக்கிறோம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இந்த மழைக்காலம் என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்.

செந்தூல் பேரன் (கோலாலம்பூர்):
அக்கா, கோபப்படாமல் படியுங்கள். என் பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். இதே பலகைச் சுவர், இதே தகரக் கூரை, இதே மண்ணெண்ணெய் விளக்கு. விடியுமுன் எழுந்து ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு. மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. தோட்டம் கைமாறியபோது ஒரு மூட்டைத் துணியோடு கோலாலம்பூருக்கு வந்து புறம்போக்கில் குடிசை போட்டார்கள். அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வர இருபது வருடம் ஆனது. எங்கள் குடும்பத்தில் தனி அறையில் படித்த முதல் ஆள் நான்தான்.

என் பாட்டி வாயில் ‘எளிமை’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘இல்லாமை’ என்றுதான் சொல்வார். ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஒரு கதவு வேண்டும், அக்கா. திரை போதாது.

மலைச்சாரல்:
தம்பி, என் தாத்தாவும் லயத்துக்காரர்தான். அவர்களுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வீடு தோட்டத்துரையுடையது, வேலை போனால் வீடும் போகும். நாங்கள் வேண்டும் என்று வந்தோம், வேண்டாம் என்றால் போகலாம். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருக்கிறோம். கதவு விஷயம் மட்டும் நீங்கள் சொன்னது உண்மை, அது என் மனதிலும் உறுத்துகிறது.

செந்தூல் பேரன்:
போகலாம் என்பது உங்களுக்கும் அண்ணனுக்கும். பிள்ளைகளை யார் கேட்டது? மழையில் பள்ளிக்கு எப்படிப் போனார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

மலைச்சாரல்:
துன் சார்டோன் சாலை வழியாக மோட்டார் சைக்கிளில், பிறகு ஒரு வேன். ஒருமுறை வழியில் மண் விழுந்து சாலை அடைத்தபோது தெலுக் கும்பார் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் ஏழு நாள் பள்ளி போகவில்லை. மறைக்க நினைக்கவில்லை.

மண்சரிவு வேலைக்காரன் (பாயா தெருபோங்):
எளிமையா இல்லாமையா என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடமாகச் சரிவுகளைக் கட்டிப் பிடிக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும்: வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

பினாங்குத் தீவு மலைகள் கருங்கல். ஆனால் மேலே பல மீட்டர் ஆழத்துக்கு அந்தக் கல் மக்கி மண்ணாகிக் கிடக்கிறது. காய்ந்தால் கெட்டி, ஊறினால் கூழ். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே இருப்பதை இங்கே மலை நிலம் என்று தனியாகக் கணக்கு வைத்திருப்பது சும்மா இல்லை. மண் சரிந்து 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் 11 பேர், 2018 அக்டோபரில் புக்கிட் கூக்குஸில் 9 பேர் இறந்தார்கள். இரண்டுமே இந்த மழை மாதத்தில்.

ஜாதிக்காய் (பாலிக் புலாவ்):
அண்ணே, பயமுறுத்தாதீர்கள். அந்த இரண்டும் கட்டுமான இடங்கள், இறந்தது அங்கே வேலை செய்த தொழிலாளிகள். மலையை வெட்டினால் மலை விழும். நான் இந்த மலையில் பிறந்தவன். என் அப்பா ஜாதிக்காயும் கிராம்பும் பறித்த தோட்டத்தில் நாற்பது வருடம் இருந்தோம், ஒரு பிடி மண் விழவில்லை. 1993இல் கோலாலம்பூர் பக்கம் உலு கிள்ளானில் மண்சரிவில் சாய்ந்தது பன்னிரண்டு மாடிக் கட்டடம். 48 பேர் போனார்கள். கான்கிரீட் என்றால் பத்திரம் என்று யார் சொன்னது? இந்த அம்மா குடும்பம் செய்வது நல்ல காரியம். பிள்ளைகளுக்கு மரத்தின் பெயர் தெரிகிறது, டுரியான் விழும் சத்தம் தெரிகிறது.

மண்சரிவு வேலைக்காரன்:
உங்கள் நாற்பது வருடத்தை மதிக்கிறேன். ஆனால் சிலாங்கூர் பத்தாங் காலி? 2022 டிசம்பர் 16. அங்கே கட்டுமானம் இல்லை. தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தூங்கிய குடும்பங்கள். விடியுமுன் சரிந்தது, 31 பேர், அதில் பிள்ளைகளும் உண்டு. அன்றைய ஒரு மழை மட்டும் காரணமில்லை, பல நாளாக ஊறிய மண். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் அப்பா காலத்துத் தோட்டத்தில் ஒற்றையடிப் பாதைதான் இருந்திருக்கும். இப்போது பழம் ஏற்ற நான்கு சக்கர வண்டி போக மலையைக் குறுக்கே வெட்டுகிறார்கள். அந்தச் சடக்குதான் மழைத் தண்ணீரைச் சேர்த்து ஓரிடத்தில் கொட்டுகிறது. டுரியான் வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். அதற்குக் கீழே சறுக்குவதைப் பிடிக்காது.

தாதி அக்கா (பட்டர்வொர்த்):
ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஓடைச் சேற்றில் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும். அதுதான் எலிக்காய்ச்சல். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. பார்ப்பதற்கு டெங்கி போலவே இருக்கும். காய்ச்சல் வந்தால் பாலிக் புலாவ் மருத்துவமனையில் முதல் வார்த்தையாகத் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அந்தப் பக்கம் யோசிக்க நேரமாகும்.

மலைச்சாரல்:
நன்றி அக்கா, இன்றே பூட்ஸ் வாங்குகிறேன்.

மண்சரிவு அண்ணனுக்கு: வீட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்பதடி உயரத்துக்கு மலை வெட்டியிருக்கிறது. வீடு கட்டியபோதே வெட்டியதாம். அதற்கு மேலே பழவண்டி போகும் சடக்கு. அக்டோபரிலிருந்து பின்கதவு இறுகிப்போய்த் தோளால் இடித்துத்தான் திறக்கிறோம். மழையில் பலகை ஊதிவிட்டது என்று வீட்டுக்காரர் இழைத்தும் பார்த்தார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

மண்சரிவு வேலைக்காரன்:
பதறாதீர்கள். பலகை ஊதியும் இருக்கலாம். ஒரு கயிறு எடுத்துக் கதவு நிலையை மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் என்றால் நிலை கோணவில்லை, பலகைதான். வித்தியாசம் இருந்தால் வீடு நகர்ந்திருக்கலாம். பிறகு பகலில், மழை இல்லாதபோது, மேலே சடக்குக்குப் போய்ப் பாருங்கள்: மண்ணில் புதிதாக நீள வெடிப்பு உண்டா, மரம் ஏதும் சாய்ந்திருக்கிறதா, வெட்டிய சுவரில் முன்பு இல்லாத ஊற்று கசிகிறதா.

மலைச்சாரல்:
அளந்தேன். இரண்டும் ஒரே நீளம், இரண்டு தடவை பார்த்தேன். ஊற்று இல்லை. ஆனால் சடக்கு ஓரத்தில் என் கை அகலத்துக்கு ஒரு வெடிப்பு, பத்தடி நீளம் இருக்கும். போன மாதம் அதைப் பார்த்த நினைவு இல்லை.

ஜாதிக்காய்:
இதைப் படித்தபின் நான் வாதாட மாட்டேன். அம்மா, மேலே சடக்கிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். வீட்டுப் பக்கம் ஓடினால் ஒரு கான் வெட்டி ஓடைப் பக்கம் திருப்ப வேண்டும். என்னிடம் மண்வெட்டி இருக்கிறது, ஆள் இருக்கிறது.

மண்சரிவு வேலைக்காரன்:
கானை நான் பார்த்த பிறகு வெட்டலாம், தப்பான இடத்தில் வெட்டினால் இன்னும் கெடும். அதுவரை வெடிப்பை தார்ப்பாயால் மூடிக் கல் வையுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. இன்றிரவு அங்கே தூங்காதீர்கள். ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தாலோ கலங்கினாலோ பகலிலும் இருக்க வேண்டாம்.

செந்தூல் பேரன்:
அக்கா, நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வீடு பிள்ளைகளுக்குச் சிறியது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அண்ணன் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தாத்தா என்றாவது அப்படி உட்கார்ந்து சாப்பிட்டாரா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. எங்கே போனாலும் அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள்?

மலைச்சாரல்:
கீழே பட்டணத்தில் தோட்டக்காரர் வீட்டின் முன்னறையைக் கொடுத்திருக்கிறார். சீருடையும் புத்தகமும் எடுத்தாயிற்று. மகன் கோழியையும் கொண்டு வர வேண்டும் என்று அழுகிறான், கூடையில் போட்டு எடுத்துப் போகிறோம். வெடிப்பைப் பார்த்தபின் அந்த வீடு நிற்குமா, அதற்குத் திரும்புவோமா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அண்ணே, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருகிறீர்களா? சடக்கு முனையில் வீட்டுக்காரர் நிற்பார்.

மண்சரிவு வேலைக்காரன்:
மழை இல்லை என்றால் எட்டு மணிக்கே வருகிறேன். பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம்.