ஊர் டீமை விட்டு ரெய்டர் போனால் அது துரோகமா?

இடதுகார்னர்:

வள்ளியூருக்கும் திசையன்விளைக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கே மின்னொளி கபடி என்று நோட்டீஸ் பார்த்தாலும் வேனில் ஏறிவிடுகிற கூட்டம் நாங்கள். மெயின் ரெய்டர் கீழத்தெருப் பையன், வயது 21. அவன் போனஸ் எடுத்துவிட்டு உடம்பைத் திருப்புகிற வேகத்தைப் பார்க்கவே பக்கத்து ஊர்க்காரன் பைக் போட்டு வருவான். போன மாதம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு டீமுக்குப் போய்விட்டான். மேட்ச்சுக்கு இவ்வளவு என்று கையில் காசு, தங்க இடம், மேட் விரித்த களத்தில் பயிற்சி, வேலைக்கும் சொல்லி வைப்பதாகப் பேச்சு.

டீமுக்குச் செலவு செய்கிற அண்ணாச்சி மேலத்தெரு. அன்று ராத்திரியே குரூப்பில் எழுதினார்: "ஷூ வாங்கிக் கொடுத்தவன் நான், வேன் வச்சவன் நான், என் வாசல்ல நின்ன பய இன்னைக்கு சொல்லாம கொள்ளாம ஓடிட்டான், உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க." கீழே வரிசையாகக் கைதட்டல். நானும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து யூடியூபில் என்னவோ பார்க்கப் போய், அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரன் லெப்ரான் ஜேம்ஸ் 2010இல் கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமி அணிக்குப் போன கதை வந்தது. அந்த அணி முதலாளி எழுதிய கடிதத்தைப் படித்துச் சொன்னார்கள். கேட்டதும் அண்ணாச்சி மெசேஜ்தான் ஞாபகம் வந்தது. அங்கே வெள்ளை முதலாளி, கறுப்பு ஆட்டக்காரன். இங்கே என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி இதுதான்: இது முழுக்க சாதித் திமிரா, இல்லை நல்ல ஆட்டக்காரன் போனால் யாருக்கும் வருகிற வயிற்றெரிச்சலா? எனக்கும் கோபம் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. அவன் இல்லாமல் ஆடிய முதல் அரையிறுதியில் 14 புள்ளியில் தோற்றோம்.

சுடலைமாடன்_பேரன்:

காசு கூடக் கொடுத்தால் போவான். நீங்கள் யாரும் ஊரை விட்டு வேலைக்குப் போகவில்லையா? இதற்கு எதற்கு அமெரிக்கா வரை போகிறீர்கள்.

அம்பைக்காரன்:

அப்போது நான் கிளீவ்லாந்து இருக்கிற ஒஹாயோ மாநிலத்தில் வேலையில் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். லெப்ரான் பிறந்த அக்ரன் கிளீவ்லாந்துக்குப் பக்கத்து ஊர், ஏறக்குறைய நம்ம திருநெல்வேலி - கோவில்பட்டி தூரம். அதாவது சொந்த ஊர்ப் பையன். 2003இல் வந்து ஏழு சீசன் ஆடினான், 2007இல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனான். கிளீவ்லாந்து எந்தப் பெரிய விளையாட்டிலும் 1964க்குப் பிறகு அதுவரை கோப்பையைப் பார்த்ததில்லை, அந்த ஊருக்கு அவன்தான் கொடைக்கு வந்த சாமி மாதிரி. ஒரு கட்டடத்தின் மேல் பத்து மாடி உயரத்துக்கு அவன் படம் தொங்கும். நம்ம ஊர் ப்ளெக்ஸ் எல்லாம் அதன் முன் துண்டுச் சீட்டு.

2010 ஜூலை 8ஆம் தேதி ராத்திரி நேரலையில் உட்கார்ந்து மயாமி போகிறேன் என்றான். ஜெர்சியை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள், படத்தையும் சீக்கிரமே இறக்கிவிட்டார்கள். ஜனங்கள் அழுததை நான் குறை சொல்ல மாட்டேன். டிவியில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை, அதில் வந்த விளம்பரப் பணம் சிறுவர் மன்றங்களுக்குப் போனது என்றாலும்.

ஆனால் முதலாளி டான் கில்பர்ட் அன்றே எழுதினாரே ஒரு கடிதம், அது வேறு ரகம். கோழைத்தனமான துரோகம் என்றார், அவனுக்கு முன்னால் நாங்கள் கோப்பை வாங்குவோம் என்று சவால் விட்டார், அதையும் பிறந்தநாள் அழைப்பிதழில் போடுகிற காமிக் சான்ஸ் எழுத்தில். அவனுடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது என்பதை மறக்காதீர்கள். ஒரு நாள் கூட பாக்கி இல்லை. ஓடிப்போன அடிமையைப் பற்றி எஜமான் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கறுப்பர் உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் சொன்னார். லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் கில்பர்ட்டுக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டார், ஜாக்சன் பேசியதும் தப்பு என்றார்.

சவால் என்ன ஆயிற்று? மயாமி 2012லும் 2013லும் ஜெயித்தது. கடிதம் நாலு வருஷம் கிளீவ்லாந்து அணியின் இணையதளத்திலேயே கிடந்தது. 2014இல் அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டிய நேரம் வந்ததும் சத்தமில்லாமல் எடுத்தார்கள், கில்பர்ட்டே மயாமி போய் அவனிடம் வருத்தம் சொன்னார். 2016இல் கோப்பை வந்தது, கொண்டுவந்தது அவன்தான்.

பாளை_வக்கீல்:

கடிதம் அசிங்கம், சரி. ஆனால் கோடிக்கணக்கில் வாங்குகிறவனை அடிமை என்பது நிஜமாகவே சங்கிலியில் கிடந்தவர்களைக் கேவலப்படுத்துவது இல்லையா? அண்ணாச்சி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வேன் வாடகை, ஜெர்சி, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு, இதையெல்லாம் எந்த லாபத்துக்காக ஒரு ஆள் செய்கிறான்? போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதைதானே.

அம்பைக்காரன்:

வக்கீல் சார், இதே கேள்வியை அங்கேயும் ஒரு ஆட்டக்காரரிடம் கேட்டார்கள். கர்ட் ஃப்ளட், கறுப்பர், பேஸ்பால். 1969இல் அவரைக் கேட்காமலே செயின்ட் லூயி அணி பிலடெல்பியாவுக்கு மாற்றியது. என் விருப்பத்தைப் பார்க்காமல் வாங்கி விற்க நான் சொத்து இல்லை என்று லீக் தலைவருக்குக் கடிதம் போட்டுவிட்டு வழக்குக்குப் போனார். வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குகிறவர் இப்படிப் பேசலாமா என்றதற்கு, நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர் ஆட்டமும் அதோடு போயிற்று. ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம் என்கிற கதவு மற்றவர்களுக்கு 1975இல்தான் திறந்தது.

மரியாதை என்றீர்கள். 2017இல் ஐசையா தாமஸ் என்று பாஸ்டனுக்குக் கூடைப்பந்து ஆடியவர், தங்கச்சி விபத்தில் இறந்த மறுநாளே களத்தில் இறங்கி ஆடினார். அந்த வருஷமே அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அணி நன்றி கெட்டது என்று ஊர் திரண்டு எதையும் கொளுத்தவில்லை. வியாபாரம் என்று சொல்லிவிட்டார்கள்.

மேட்_வாசனை:

அவ்வளவு தூரம் எதற்கு, ப்ரோ கபடி ஏலத்தைப் பாருங்கள். பவன் செராவத்தை 2022இல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது, முதல் மேட்ச்சிலேயே முட்டியில் அடிபட்டு சீசன் போயிற்று. அடுத்த ஏலத்தில் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து தெலுங்கு டைட்டன்ஸ் தூக்கியது. இதில் யார் யாருக்குத் துரோகம்? மேலப்பாளையம் சந்தையில் கிடா கைமாறுகிற மாதிரி மாறினால் யாருக்கும் வலிக்கவில்லை. கிடாவே கயிற்றை எடுத்துக்கொண்டு நடந்தால்தான் வலிக்கிறது.

நம்ம கபடி வீரர் மணத்தி கணேசன் ஊர் டீமிலேயே நின்றிருந்தால் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுக்குப் போய்த் தங்கம் வாங்கியிருப்பாரா? அர்ஜுனா விருது வந்ததும் மாவட்டமே எங்க ஆளு என்றது. வருகிறவரைக்கும் எந்தத் தெரு என்றுதான் பார்க்கும்.

கொற்கை_முத்து:

தம்பி இடதுகார்னர், ஒரே ஒரு கேள்வி. இதற்கு முன் உங்கள் டீமை விட்டு யாருமே போனதில்லையா? போனபோது அண்ணாச்சி என்ன எழுதினார்?

இடதுகார்னர்:

இதை நானே யோசித்திருக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மெயின் கேட்சர், அதாவது ரெய்டரைப் பிடிக்கிறவன், போனான், அவன் மேலத்தெரு, அண்ணாச்சிக்கு ஒரு வகையில் மருமகன் முறை. போலீஸ் செலக்‌ஷன் ஆகி, சீசன் நடுவில்தான் போனான், அவன் போன வாரமே நாங்கள் களக்காட்டுப் பக்கம் ஒரு மேட்ச்சில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். அண்ணாச்சி பஸ் ஸ்டாப்பில் ப்ளெக்ஸ் வைத்தார், மட்டன் பிரியாணி போட்டார், "எங்கள் ஊரின் பெருமை" என்று எழுதி அவன் தோளில் கை போட்ட படத்தை ஸ்டேட்டஸ் வைத்தார். அவனுக்கும் ஷூ இவர் வாங்கிக் கொடுத்ததுதான். அன்று உப்பு பேச்சு வரவில்லை.

வக்கீல் அண்ணனுக்கு: சொல்லாமல் போனான் என்பதும் சரியில்லை. என்னிடம் சொன்னான். அண்ணாச்சி வீட்டுக்கும் போயிருக்கிறான், வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான், தூங்குகிறார் என்று அனுப்பிவிட்டார்கள். "வாசல்ல நின்ன பய" என்று அவர் எழுதியது அந்த வாசல்தான். இது தெரிந்தும்தான் கட்டைவிரல் போட்டேன்.

பாளை_வக்கீல்:

அப்படியென்றால் நான் சொன்ன மரியாதைப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். செலவுக் கணக்கை இல்லை.

சுடலைமாடன்_பேரன்:

அந்த ஷூவைத் திருப்பிக் கேட்டாரா?

இடதுகார்னர்:

கேட்டார். குரூப்பிலேயே கேட்டார். அவன் மறுநாளே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான், கழுவிக் காயவைத்து, லேஸை உள்ளே சுருட்டி வைத்து. வலது கால் பெருவிரல் பக்கம் கிழிந்திருக்கிறது. மூன்று வாரமாக எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது, அண்ணாச்சி தினமும் அந்த வழியாகத்தான் புல்லட்டில் போகிறார், நிறுத்தவில்லை.