கலைச்சொல் வேண்டும்: குழந்தையை எடுத்துவரப் போகும் மருத்துவக் குழு

ஈசூனிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று இங்கே சிங்கப்பூர் நூலகத்தில் ஒரு தாதி குழந்தைகள் தீவிர சிகிச்சை பற்றிப் பேசுகிறார். அவருடைய படவில்லைகளைத் தமிழாக்கி வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். ‘ரிட்ரீவல்’ என்ற இடத்தில் நிற்கிறேன்.

பொருள் இதுதான். ஆஸ்திரேலிய உட்பகுதியில் ஒரு சிறு மருத்துவமனை. மூச்சுத் திணறும் குழந்தை. அங்கிருப்பவர்கள் குழந்தையைத் தங்கள் வண்டியில் ஏற்றி அனுப்புவதில்லை. நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து மருத்துவரும் தாதியும் கருவிகளோடு போய் எடுத்து வருகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும்வரை சிறப்பு மருத்துவர் காணொளியில் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, எடைக்கேற்ற மருந்தளவைச் சொல்கிறார். இப்போதைக்கு ‘மீட்பு’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

பொங்கோலிலிருந்து:
மீட்பு வேண்டாம் தம்பி. ‘குழந்தை மீட்பு’ என்றால் ஆழ்துளைக் கிணறோ கடத்தலோதான் நினைவுக்கு வரும். நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது: உய்ப்பு. உய்தல் பிழைத்தல், ‘எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்’. உய்த்தல் செலுத்துதல், கொண்டு சேர்த்தல்; ‘நன்றின்பால் உய்ப்ப தறிவு’. பிழைக்க வைப்பதும் கொண்டு சேர்ப்பதும் ஒரே வேரில் கிடைக்கும்போது வேறெங்கே தேடுவது? தொலைமருத்துவ உய்ப்பு, உய்ப்புக் குழு, உய்ப்பூர்தி என்று குடும்பமாகவே வளரும்.

தெம்பனிஸிலிருந்து:
ஐயா, உய்ப்பை அவசரமாகப் படிப்பவர் உப்பு என்று படிப்பார். ‘ஆம்புலன்ஸ்’ பிறந்த கதையையும் பாருங்கள். படையோடு கூடவே நகர்ந்த கள மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நடக்கும் மருத்துவமனை’ என்றார்கள். பெயர் பிறகுதான் வண்டிக்குப் போனது. ஆகவே நடமாடும் தீவிர சிகிச்சை என்றாலே போதும்.

தொலைமருத்துவமும் புதிதன்று. ஆஸ்திரேலியாவில் 1928-இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் டிரேகரின் மிதி வானொலி வந்தது. காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி மருத்துவரிடம் பேசினார்கள். பின்னாளில் பண்ணை வீடுகளில் எண்ணிட்ட மருந்துப் பெட்டி வைத்தார்கள். மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொன்னால் போதும்.

உட்லண்ட்ஸிலிருந்து:
நானும் தாதிதான். எல்லாச் சொல்லும் வண்டியையே சுற்றுகிறது. வண்டி கிளம்புமுன் நடப்பதுதான் பெரிய வேலை. மூச்சுக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, உடல் குளிர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். விமானம் என்றால் உயரே போகப் போக அழுத்தம் குறைந்து, அடைபட்ட காற்று விரியும். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்திருந்தால் ஏறுமுன்பே குழாய் வைத்து வெளியேற்றுவது வழக்கம். சில நேரம் காணொளியில் பார்த்தபின் குழந்தையை வேறு மருத்துவமனைக்கு மாற்றவே தேவையில்லை என்றும் முடிவாகும். இவ்வளவையும் ஒரு சொல் தாங்காது. ‘நிலைப்படுத்தல்’ என்று தனிப் படவில்லை போடுங்கள்.

ஈசூனிலிருந்து:
நன்றி அக்கா, தனிப் படவில்லை போட்டுவிட்டேன். பெயருக்கு, ‘சென்றிடுவீர் எட்டுத் திக்கும், கலைச்செல்வங்கள் யாவும் கொணர்ந்திங்கு சேர்ப்பீர்’ என்ற பாரதி வரி நினைவுக்கு வந்தது. போய்க் கொண்டுவருவது அதில் அப்படியே இருக்கிறது. கொணர்வுக் குழு?

தெம்பனிஸிலிருந்து:
பொருளைத்தான் கொணர்வோம், ஆளை அழைத்து வருவோம்.

உட்லண்ட்ஸிலிருந்து:
நடக்க முடியாதவரை ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்’ என்றுதானே சொல்கிறோம். எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் முதல் முறை வரும்போது ‘சிறப்பு மருத்துவமனையிலிருந்து வந்து உங்கள் குழந்தையை அழைத்துச் செல்லும் குழு’ என்று விரித்து எழுதுங்கள். பயந்துபோய் நிற்கும் தாய்க்கு அதுதான் புரியும்.

ஈசூனிலிருந்து:
வேறு யாரும் எழுதவில்லை. கொணர்வுக் குழு என்று போட்டு, அக்கா சொன்ன விளக்கத்தோடு அனுப்பிவிட்டேன்.

பொங்கோலிலிருந்து:
நேரமில்லை என்பதால் விடுகிறேன், ஏற்கவில்லை. கொணர்வில் குழந்தை பிழைப்பது எங்கே இருக்கிறது? கையேடாக அச்சிடும்போது உய்ப்பை மறுபடி கேட்பேன்.